சுவாமியின் தொப்பி: தொலைக்காட்சி நகைச்சுவையும் வரலாற்றுக் கல்வியும்

மைசூரு நகரின் யாதவகிரிப் பகுதியில் எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் வாழ்ந்த இல்லம் 2016-ஆம் ஆண்டு முதல் நினைவில்லமாகப் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது. அவருடைய நாவல்களைப் படித்தறியாதவர்களும் அவர் படைத்த மால்குடி என்னும் கற்பனை ஊரை அறிவர். அதற்குக் காரணம் தொலைக்காட்சி. 1986-ஆம் ஆண்டு தூர்தர்ஷன் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மால்குடி டேஸ்’ தொடரைச் சங்கர் நாக் இயக்கினார். சிவமொக்கா மாவட்டத்து அகும்பே என்னும் மலையூர் மால்குடியாக மாறிற்று. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் தோன்றிய கோட்டோவியங்களை நாராயணின் தம்பியும் மைசூருவில் பிறந்தவருமான ஆர்.கே. லட்சுமண் வரைந்திருந்தார். எல். வைத்தியநாதனின் இசையும், சுவாமியாக நடித்த சிறுவன் மஞ்சுநாத்தின் முகமும் அந்நாளைய இல்லங்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தன.

இத்தொடர் வரலாறு கற்பிப்பதற்காக எடுக்கப்பட்டதன்று. ஆயினும், நகைச்சுவையின் வாயிலாகக் குழந்தைகளுக்கு வரலாற்றை உணர்த்த இயலுமா என்னும் வினாவுக்கு நம் நாட்டில் விடை தேடுவோர் இங்கிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். தொடரின் முதற்பகுதிகளுக்கு மூலமான ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற நாவல் 1935-இல் வெளிவந்தது. அதில் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சரயு ஆற்றங்கரையில் ஒரு கண்டனக் கூட்டம் நடைபெறுகிறது. அந்நியத் துணிகள் தீயிலிடப்படுகின்றன. பத்து வயதுச் சுவாமியின் தலையிலிருக்கும் தொப்பி அந்நியத் தொப்பியோ என்று யாரோ ஐயுறுகிறார்கள். சுவாமி வெட்கமும் வீராவேசமும் பொங்க அதைக் கழற்றித் தீயில் எறிந்துவிடுகிறான். மறுநாள் தந்தை விசாரிக்கும்போதுதான் அது கதர்த் தொப்பி என்பது தெரியவருகிறது.

சிரிப்புக்குரிய இந்நிகழ்ச்சியில் பாடநூலின் பல பக்கங்கள் அடங்கியுள்ளன. 1930 மார்ச்சு 12-ஆம் நாள் தண்டி யாத்திரை தொடங்கிற்று என்பதும், அந்நியத் துணி புறக்கணிப்பு அவ்வியக்கத்தின் ஒரு கூறு என்பதும் பாடநூலில் உள்ளவை. ஆனால் அந்தப் புறக்கணிப்பு ஒரு நடுத்தரக் குடும்பத்தில் எவ்வாறு நுழைந்தது, கூட்டத்தில் நிற்கும் ஒரு சிறுவனுக்கு எவ்வளவு புரிந்தது, எவ்வளவு புரியவில்லை என்பவை பாடநூலில் இல்லை. இயக்கத்தில் கலந்துகொண்டோர் அனைவரும் எல்லாம் அறிந்தே கலந்துகொண்டனர் என்று குழந்தைகள் எண்ணிவிடுகின்றனர். தொப்பி எரிந்த கதை அந்த எண்ணத்தை மெல்லக் கலைக்கிறது. அதே வேளையில் இயக்கத்தைக் கேலி செய்வதுமில்லை.

பொருளாதாரம் பயிலும் மாணவருக்கும் இதில் செய்தி உண்டு. கதர் பெரும்பாலும் ஆலைத் துணியைவிட விலை கூடுதலாகவே இருந்தது. விலை குறைந்த இறக்குமதித் துணியை விடுத்து விலை கூடிய கைத்துணியை மக்கள் ஏன் வாங்கினர்? உடுக்கத் தகுந்த துணியை எரிப்பது முறையா? பின்னைய வினாவை எழுப்பியவர் மகாகவி தாகூர். 1921 ஜூலை 31-ஆம் நாள் பம்பாயில் காந்தியடிகள் முன்னிலையில் துணிகள் எரிக்கப்பட்ட ஆண்டிலேயே இருவருக்குமிடையே இதுபற்றிக் கருத்துப் போர் நிகழ்ந்தது. பத்து வயதுக் குழந்தையிடம் தாகூரின் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல இயலாது. ஆனால், “சுவாமியின் தொப்பி அந்நியத் தொப்பியாகவே இருந்திருந்தால் எரித்தது சரியா?” என்று கேட்டுவிடலாம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்.

கல்வித் தொலைக்காட்சி வந்த வழி

தொலைக்காட்சியைக் கிராமக் குழந்தைகளிடம் கொண்டுசெல்லும் முயற்சி நம் நாட்டில் பெரிய அளவில் தொடங்கியது 1975 ஆகஸ்டு முதல் நாளன்று. துணைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்ற அத்திட்டம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 துணைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களில் ஓராண்டுக் காலம் நடைபெற்றது. கருநாடகத்தின் வடபகுதி மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன, மைசூரு இடம்பெறவில்லை. காலை வேளையில் இருபத்திரண்டரை நிமிடம் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டது. பின்னர் 2004-இல் கல்விக்கெனவே எஜுசாட் துணைக்கோள் ஏவப்பட்டபோது, தொடக்கப் பள்ளிகளுக்கான முதல் முயற்சி சாமராசநகர் மாவட்டத்தில் மேற்கொள்ளப்பட்டது. 1997 வரை அது மைசூரு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்ததாகும். தமிழ்நாட்டில் 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தனி அலைவரிசையாகத் தொடங்கிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் கருநாடகக் குழந்தைகளுக்குச் சந்தனா அலைவரிசை வகுப்பறையாயிற்று.

கருவிகள் இவ்வாறு வளர்ந்தன. நிகழ்ச்சிகளின் வடிவம் அதற்கேற்ப வளர்ந்தது என்று கூறுவதற்கில்லை. கரும்பலகைக்கு முன்னால் ஆசிரியர் நின்று பேசுவதைப் படம்பிடித்து அனுப்புவதே இன்றும் பெரும்பாலான கல்வி ஒளிபரப்பின் இலக்கணமாக உள்ளது. கணக்குக்கும் அறிவியலுக்கும் அது ஒருவாறு போதுமானதாகலாம். வரலாற்றுக்குப் போதாது.

பெருந்தொடர்கள்

வரலாற்றுக்கெனப் பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட தொடர்களும் உண்டு. நேருவின் நூலைத் தழுவி ஷியாம் பெனகல் இயக்கிய ‘பாரத் ஏக் கோஜ்’ 53 பகுதிகளாக 1988-இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் தரத்தைப் பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை. எனினும் அது சிறு குழந்தைகளுக்கானதன்று.

மைசூருவுக்கு நெருங்கிய மற்றொரு தொடர் ‘திப்பு சுல்தானின் வாள்’. அதன் படப்பிடிப்பு நகரின் பிரீமியர் ஸ்டுடியோவில் நடைபெற்றபோது, 1989 பிப்ரவரி 8-ஆம் நாள் ஏற்பட்ட தீ விபத்தில் 62 பேர் உயிரிழந்தனர். படப்பிடிப்புகளுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்கள் இந்த எண்ணிக்கையை மறத்தலாகாது. தொடர் ஒளிபரப்பாகும் முன்பே எதிர்ப்புகள் எழுந்தன, வழக்குகளும் தொடரப்பட்டன. முடிவில், இது ஒரு நாவலை அடிப்படையாகக் கொண்டது, மெய்யான வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று என்னும் பொருளமைந்த அறிவிப்புடன் அது ஒளிபரப்பாயிற்று.

அந்த அறிவிப்பைப் பற்றிச் சற்றுச் சிந்திக்க வேண்டும். சில நொடி எழுத்துகளுக்குப் பின் குதிரைகளும் கோட்டைகளும் கணீரென்ற வசனங்களும் வருகின்றன. எழுத்து மறைந்துவிடுகிறது, காட்சி நிற்கிறது. வீரம் செறிந்த நாடகம் தன்னை நம்பும்படி பார்ப்போரைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. நகைச்சுவை அவ்வாறு கேட்பதில்லை. மன்னர் வேடமிட்டவர் கால் இடறி விழும்போது, இது வேடம் என்பது மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் விளங்கிவிடுகிறது. “அப்படியானால் உண்மையில் என்னதான் நடந்தது?” என்ற கேள்வி பிறப்பதற்கு அங்கே இடம் ஏற்படுகிறது. குழந்தைகளுக்கான வரலாற்று நிகழ்ச்சியில் நகைச்சுவையை விரும்புவதற்குரிய தலையாய காரணம் இதுவே. செலவும் குறைவு என்பது அடுத்த காரணம்: யானையும் குதிரையும் வேண்டா; நான்கு நடிகர்களும் ஒரு திரைச்சீலையும் போதும்.

எலி சொல்லும் சான்று

இம்முறையை முறைப்படியாகக் கையாண்டு வெற்றி கண்டது பிரிட்டன். டெரி டியரி 1993 முதல் எழுதிவந்த நூல்வரிசையைத் தழுவி, ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ என்னும் நிகழ்ச்சியைப் பி.பி.சி.யின் குழந்தைகள் அலைவரிசை 2009-இல் தொடங்கியது. பெரியோருக்கான நிகழ்ச்சிகளோடு போட்டியிட்டு நகைச்சுவை விருது பெறும் அளவுக்கு அது புகழ் பெற்றது. அரசர்கள், கொள்ளைநோய், கழிவுநீர், தண்டனைகள் ஆகிய அனைத்தும் அதில் சிறு சிறு நாடகங்களாகவும் பாட்டுகளாகவும் வரும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு பொம்மை எலி தலைகாட்டி, சற்றுமுன் கண்டவற்றில் எது மெய்யாகவே நடந்தது என்பதை எடுத்துரைக்கும். நம்பமுடியாத செய்தியாக இருப்பின், இது உண்மை என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டும். நகைப்பையும் சான்றையும் பிரித்துக் காட்டும் இந்த ஏற்பாடு நம் தயாரிப்பாளர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அங்கும் இடறல் நேராமலில்லை. செவிலியர் பணியின் முன்னோடியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஜமைக்காவில் பிறந்த மேரி சீகோல் என்பாரை அவர் பிரிட்டிஷ் பெண் அல்லர் என்பதற்காக ஒதுக்கியது போன்ற ஒரு காட்சி இடம்பெற்றது. இதன்மீது புகார் எழ, பி.பி.சி.யின் மேற்பார்வைக் குழு 2014-இல் அக்காட்சி துல்லியமானதன்று என்று தீர்ப்பளித்தது. நகைச்சுவைதானே என்ற வாதம் அங்கு எடுபடவில்லை. எடுபடாமற்போனதும் சரியே.

புலிகேசியும் தெனாலிராமனும்

நம் குழந்தைகள் தொலைக்காட்சியில் பலமுறை கண்டு மகிழ்ந்த வரலாற்று நகைச்சுவை எதுவென்றால், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை விடை எளிது. 2006-இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு இரட்டை வேடத்தில் நடித்து வெளிவந்த ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ திரையரங்குக்கென எடுக்கப்பட்டதாயினும் இன்று அதன் வாழ்வு தொலைக்காட்சியில்தான். கும்பினியாரின் கைப்பாவையாக இருக்கும் ஒரு சிற்றரசன், தன் தலையை ஒரு மாவீரனின் உடலோடு ஒட்டவைத்து ஓவியம் தீட்டச் செய்கிறான். பிற்காலத்தார் தன்னை அவ்வாறே நம்பவேண்டும் என்பது அவனுடைய ஆசை.

இருபத்துமூன்றாம் புலிகேசி என்று ஒருவன் இருந்ததில்லை. இரண்டாம் புலிகேசி இருந்தான். கருநாடகத்து வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னனான அவன் ஹர்ஷரின் படையைத் தடுத்து நிறுத்தியவன். அவனுடைய புகழை நாம் அறிவது பெரும்பாலும் ஐஹொளெயில் உள்ள 634-ஆம் ஆண்டைச் சார்ந்த வடமொழிக் கல்வெட்டினால். அதை இயற்றியவர் ரவிகீர்த்தி என்னும் புலவர். அம்மன்னனின் ஆதரவில் வாழ்ந்தவர். ஹர்ஷன் என்ற பெயருக்கு மகிழ்ச்சி என்பது பொருளாதலால், ஹர்ஷன் தன் ஹர்ஷத்தை இழந்தான் என்னும் கருத்தில் ஒரு சொல்விளையாட்டையும் அவர் அதில் அமைத்துள்ளார்! ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட நையாண்டி அது.

வரலாற்று ஆசிரியருக்கு வாய்த்த அரிய வாய்ப்பு இங்குள்ளது. திரைப்பட அரசன் தன் உடலைப் பொய்யாக வரையச் சொன்னதைக் கண்டு குழந்தைகள் சிரித்தாயிற்று. இனி, “ஐஹொளெக் கல்வெட்டையும் மன்னனின் ஆதரவு பெற்றவரே எழுதினார், அதை எந்த அளவுக்கு நம்பலாம்?” என்று கேட்கலாம். அதைச் சரிபார்க்க வேறு சான்று வேண்டும். சில ஆண்டுகளில், 642-இல், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றினான். அவனுடைய வெற்றியைக் கூறும் கல்வெட்டு வாதாபியிலேயே உள்ளது. வென்றவன் எழுத்தும் தோற்றவன் எழுத்தும் ஒரே நிலப்பகுதியில் கிடைக்கின்றன. மெய்க்கீர்த்திகளை ஒப்புநோக்கிப் படித்தல் என்பது பட்ட வகுப்புப் பாடம் என்று கருதப்படுகிறது. அதன் வித்தை ஏழாம் வகுப்பிலேயே ஊன்றிவிட வடிவேலுவின் ஓவியக் காட்சி உதவுமாயின், அதைப் பயன்படுத்தத் தயங்குவானேன்?

தெனாலிராமன் கதைகளில் நிலைமை வேறு. டி.எஸ். நாகாபரணா இயக்கத்தில் 1990-இல் தூர்தர்ஷனில் வந்த தொடர் நாடெங்கும் விரும்பிப் பார்க்கப்பட்டது. கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆட்சி செய்தார் என்பதில் ஐயமில்லை. ‘பாண்டுரங்க மாகாத்மியம்’ பாடிய தெனாலி ராமகிருஷ்ணர் என்னும் தெலுங்குப் புலவர் வாழ்ந்ததும் உண்மை. ஆனால் அவர் ராயரின் அவையில் இருந்தாரா, பிற்பட்ட காலத்தவரா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பூனைக்குச் சுடுபால் வைத்த கதையும் அது போன்றவையும் மக்கள் வாயில் வளர்ந்தவை. இக்கதைகளில் எல்லாம் மெய் போலவே சொல்லப்படுவதால், சிரித்த குழந்தை அவற்றை வரலாறாகவே ஏற்றுக்கொள்கிறது. பொம்மை எலியின் வேலையைச் செய்ய இங்கு ஒருவர் வேண்டும். ஆசிரியரே அவர்.

யாரைக் கண்டு சிரிப்பது

2012-ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இத்துறையில் ஈடுபடும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டியவை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் அரசியல் அறிவியல் பாடநூல்களில் கேலிச் சித்திரங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. மாணவரைச் சிந்திக்கத் தூண்டுவதே நோக்கம், நோக்கத்தில் குறையில்லை. அரசமைப்புச் சட்டம் இயற்றப்படுவதில் ஏற்பட்ட தாமதத்தைக் குறித்து 1949-இல் சங்கர் வரைந்த சித்திரம், அம்பேத்கரை இழிவுபடுத்துவதாக நாடாளுமன்றத்தில் கண்டிக்கப்பட்டது. பாடநூல் ஆலோசகர் இருவர் பதவி விலகினர். அதைத் தொடர்ந்து, 1965-ஆம் ஆண்டு மொழிப் போராட்டம் பற்றிய மற்றொரு சித்திரம் தமிழ்நாட்டில் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. போராடிய மாணவருக்கு ஆங்கிலமும் தெரியாது என்னும் கருத்துத் தொனிக்க அதை வரைந்தவர் ஆர்.கே. லட்சுமண். பேராசிரியர் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. சித்திரங்கள் சிலவற்றை நீக்குமாறு அக்குழு பரிந்துரைத்தது.

மால்குடிச் சிறுவனின் உலகை அன்பு ததும்ப வரைந்த அதே கைதான் அச்சித்திரத்தையும் வரைந்தது. வேறுபாடு எங்கே உள்ளது? சுவாமி தன் பிழையால் தானே ஏமாறுகிறான். அவனைக் கண்டு சிரிக்கும் குழந்தை அவனிடத்தில் தன்னையே காண்கிறது. மொழிப் போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. அக்குடும்பங்களின் வழிவந்த மாணவன், தன் முன்னோரின் அறியாமை என்று சுட்டப்படும் ஒன்றைத் தேர்வுக்குரிய பாடத்தில் கண்டு சிரிக்க வேண்டியவனாகிறான். நாளிதழில் ஒரு நாள் வந்து மறையும் சித்திரத்துக்கும் வகுப்பில் ஆண்டுதோறும் கற்பிக்கப்படும் சித்திரத்துக்கும் உள்ள வேறுபாடும் அப்போது போதிய அளவு எண்ணிப் பார்க்கப்படவில்லை. அதற்காக நகைச்சுவையையே பாடத்திலிருந்து அகற்றிவிடுதல் முறையாகாது. அரசரையும் கும்பினியாரையும் அதிகாரத்தின் ஆடம்பரத்தையும் நகைப்பதற்குப் பரந்த இடமுள்ளது. பஞ்சத்தில் இறந்தோர், தீண்டாமைக்கு ஆளானோர், பிரிவினையில் வீடிழந்தோர் ஆகியோரின் துன்பம் அந்த எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும்.

மைசூருவில் செய்யத்தக்கது

இதற்கெனப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. 1963-இல் வட்டாரக் கல்வியியல் கல்லூரியாகத் தொடங்கிய மைசூரு வட்டாரக் கல்வி நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. அதன் வளாகத்திலேயே செயல்முறைப் பள்ளியும் உண்டு. 1969 முதல் இயங்கிவரும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அதே நகரில் உள்ளது. ஒன்று பாடமுறையை வகுக்கலாம். மற்றொன்று கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளில் உரையாடல்களைச் செப்பம் செய்யலாம். மொழிபெயர்த்த சிரிப்பு பெரும்பாலும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு மொழியிலும் புதிதாகவே எழுதப்படவேண்டும்.

புதிய நிகழ்ச்சி உருவாகும் வரை இருப்பதைக் கொண்டே தொடங்கலாம். பள்ளியில் படம் காட்டினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று தலைமையாசிரியர் அஞ்சுவதுண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின்போது ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரை மட்டும் பார்வையாளராகக் கொண்டு திரைப்படம் காட்டுவதற்கு இடமளிக்கிறது. கட்டணம் வாங்கி ஊராரை அழைத்தால் அச்சலுகை பொருந்தாது.

‘மால்குடி டேஸ்’ தொடரில் சுவாமி வரும் ஒரு பகுதியைக் காட்டியபின், நாவலில் தொப்பி எரியும் இடத்தை ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லலாம். அதன்பின் குழந்தைகளின் சொந்த ஊரைப் பற்றிய வினா வரவேண்டும். 1930-இல் மைசூரு வீதியில் இத்தகைய தீ எரிந்திருக்குமா? மால்குடியில் காணப்படுவது ஆங்கிலேயர் ஆட்சி. மைசூரோ உடையார் மரபினர் ஆண்ட சமஸ்தானம். இங்கு மக்கள் இயக்கம் வேறு வேகத்தில் வளர்ந்தது. அன்றைய மைசூர் மாவட்டத்து மத்தூருக்கு அருகில் சிவபுரத்தில் கொடிச் சத்தியாக்கிரகம் நடந்தது 1938 ஏப்ரலில். அதே மாதம் விதுராசுவத்தத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் பொறுப்பாட்சி கோரி ‘மைசூர் சலோ’ இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. 1947 அக்டோபரில்தான் கே.சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை ஏற்பட்டது. நஞ்சன்கூடு வட்டத்துப் பதனவாளு கிராமத்தில், 1920-களில் தொடங்கிக் காந்தியடிகள் நேரில் வந்து கண்ட கதர் நூற்பு மையம் உள்ளது. பேருந்தில் ஒரு நாளில் சென்று திரும்பிவிடலாம். ஆலைத் துணியையும் கதரையும் விரலால் தொட்டு வேறுபாடு அறியும் குழந்தை, சுவாமி ஏன் ஏமாறியிருக்கக் கூடாது என்று தானே கேட்கும்.

இவற்றுக்குத் தடையாக நிற்பது பணமன்று, கால அட்டவணையே. நிகழ்ச்சியின் ஒரு பகுதி இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடும். பள்ளிப் பாடவேளை நாற்பது நிமிடம். குழந்தைகளை அமர்த்தி, கருவியை இயக்கி, காட்டி முடித்தால் மணி அடித்துவிடும், உரையாடல் நடைபெறாது. காட்டுவது மட்டும் நடந்து கேள்வி நடைபெறாவிடில் அது பொழுதுபோக்காகவே முடியும். ஆகவே வாரத்தில் ஒரு நாளேனும் சமூக அறிவியலுக்கு இரண்டு பாடவேளைகளைத் தொடர்ச்சியாக ஒதுக்குமாறு வட்டாரக் கல்வி அலுவலர்கள் ஆணையிட வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்தில் அட்டவணை வகுக்கும்போதே இதைச் செய்தால்தான் இயலும். பருவத்தின் நடுவில் எந்தத் தலைமையாசிரியரும் கணக்கு ஆசிரியரிடமிருந்து ஒரு பாடவேளையைப் பெற்றுத்தர முடியாது.